ஊமைக் கடல் கன்னி யார்?

கடலுக்கு அடியில் ஓர் அரண்மனை. அங்கே ஆறு இளவரசிகள். ஆறு பேரில் கடைக்குட்டிதான் பேரழகி. அவளைப் போலப் பாடக் கடலிலும் ஆள் இல்லை. கரையிலும் ஆள் இல்லை.

அப்படிப்பட்டவள் தன் நாக்கையே அறுத்துக் கொடுத்தாள். எதற்காக? தன்னை யாரென்று அறியாத ஓர் ஆண்மகனுக்காக!

இந்தக் கதையை எழுதியவர் ஹான்ஸ் கிரிஸ்டியன் ஆண்டர்சன். டென்மார்க் நாட்டுக்காரர். 1837-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, கோபன்ஹேகன் நகரில் ஒரு சிறு புத்தகத்தில் இது வெளிவந்தது. ஆடையில்லாமல் ஊர்வலம் போன அரசனின் கதையும் அதே புத்தகத்தில்தான் வந்தது.

கதை பிறந்து 180 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் வாசகர்கள் அந்தப் பெண்ணை விடுவதாக இல்லை. அவள் ஏன் எழுதிக் காட்டவில்லை? அரச குமாரன் உள்ளத்தில் என்ன இருந்தது? அவள் உண்மையில் யார்? இப்படிக் கேள்வி மேல் கேள்வி! ஆளுக்கு ஒரு விடை!

கத்தி மேல் நடை

கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

பதினைந்து வயது ஆனதும் கடல் கன்னி நீருக்கு மேலே வருகிறாள். ஒரு கப்பலில் அரச குமாரன் ஒருவனின் பிறந்த நாள் விழா. அவனைப் பார்த்ததும் மனத்தைப் பறிகொடுக்கிறாள். புயல் வருகிறது. கப்பல் உடைகிறது. இரவு முழுவதும் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக் காப்பாற்றுகிறாள். விடிந்ததும் ஒரு கோயிலின் அருகே கரையில் கிடத்திவிட்டு மறைந்துகொள்கிறாள்.

கோயிலில் இருந்து ஓர் இளம் பெண் வருகிறாள். அரச குமாரன் கண் திறக்கிறான். சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்கிறான். காப்பாற்றியவளைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை. அவள் இருப்பதே அவனுக்குத் தெரியாதே!

கடல் மக்கள் 300 ஆண்டு வாழ்வார்கள். பிறகு நுரையாகிப் போவார்கள். அவர்களுக்கு ஆன்மா கிடையாது. ஒரு மனிதன் அவளை உயிருக்கு உயிராக நேசித்து மணந்தால்தான் அவளுக்கும் ஆன்மா கிடைக்கும். பாட்டி சொன்ன செய்தி இது.

உடனே கடல் சூனியக்காரியிடம் ஓடுகிறாள். சூனியக்காரி மருந்து தருகிறாள். மீன் வால் போய்க் கால்கள் வரும். ஆனால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்தி மேல் நடப்பது போல வலிக்கும். கூலி என்ன? அவள் குரல்! அரச குமாரன் வேறு பெண்ணை மணந்தால், மறுநாள் காலையில் இவள் நெஞ்சு வெடித்து நுரையாகி விடுவாள்.

அவள் சம்மதித்தாள். அரண்மனைப் படியில் அவளை அரச குமாரன் கண்டெடுத்தான். அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடினாள். எல்லாரும் மெய்ம்மறந்து பார்த்தார்கள். தன் அறை வாசலில் வெல்வெட் மெத்தை போட்டு அவளைத் தூங்கச் சொன்னான்.

ஏன் எழுதவில்லை?

"வாய்தான் பேசவில்லை. கை இருக்கிறதே! உன்னைக் காப்பாற்றியவள் நான்தான் என்று மணலில் எழுதிக் காட்டினால் என்ன?"

கதையைப் படித்த குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி இது. பெரியவர்களும் இதை விட்டபாடில்லை.

1989-ல் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் இந்தக் கதையை வண்ணச் சித்திரப் படமாக எடுத்தது. அதில் கடல் கன்னிக்கு ஏரியல் என்று பெயர். நுரையாகும் முடிவை எடுத்துவிட்டுக் கல்யாணத்தில் முடித்தார்கள். அதோடு, கடல் சூனியக்காரியின் ஒப்பந்தத்தில் ஏரியல் கையெழுத்துப் போடுவதாகவும் காட்டினார்கள். ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவளுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாதா? "கடலடி எழுத்து வேறு, கரை எழுத்து வேறு" என்று சிலர் பதில் சொன்னார்கள். "பெயரை மட்டும் எழுதப் பழகியிருப்பாள்" என்றார்கள் வேறு சிலர்.

ஆண்டர்சனின் கதையில் இந்தச் சிக்கல் இல்லை. அவருடைய கடலடியில் தோட்டம் உண்டு, பாட்டு உண்டு, நடனம் உண்டு. ஏடும் எழுத்தும் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

எழுத்து இல்லாத வாழ்க்கை ஆண்டர்சனுக்கு அந்நியம் அல்ல. அவர் 1805-ல் ஓடென்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தவள். அவளுக்கு எழுத வராது. மகனுக்குக் கடிதம் போட வேண்டுமானால் யாரையாவது பிடித்துச் சொல்லி எழுத வைப்பாள். ஆண்டர்சனே பதினேழு வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். தம்மைவிட மிகச் சிறிய பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார். எழுத்துப் பிழை அவரைக் கடைசி வரை விடவில்லை.

சரி, சைகை? கோபன்ஹேகனில் 1807-லேயே காது கேளாதோருக்கு ஒரு பள்ளி ஏற்பட்டுவிட்டது. வாய் பேசாதவர்களோடு கையால் பேசலாம் என்பது அந்த ஊருக்குத் தெரிந்த விஷயந்தான். ஆனால் கதையில் அவளுக்குக் கைமொழி கற்றுத் தர ஒருவரும் முன்வரவில்லை. அவளிடம் எல்லாரும் பேசினார்கள். அவள் என்ன சொல்ல நினைக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கப்பல் உடைந்த கதையை அரச குமாரனே அவளிடம் சொல்கிறான். கோயில் பெண்தான் தன்னைக் காப்பாற்றினாள் என்கிறான். அவளுக்கு எதிரே உட்கார்ந்து சொல்கிறான்! அவள் பெருமூச்சு விடுகிறாள். கடல் கன்னிக்குக் கண்ணீர் வராது. அழவும் வழி இல்லை.

அவனுக்குத் தெரியுமா?

அரச குமாரன் கெட்டவனா? இதிலே வாசகர்கள் இரண்டு கட்சி.

"அவன் உள்ளுக்குள் அவளைத்தான் விரும்பினான்" என்பது ஒரு கட்சி. அவர்கள் காட்டும் சாட்சியம் வலுவானது. கோயில் பெண்ணின் சாயல் உனக்கு இருக்கிறது என்று அவளிடம் சொல்கிறான். கண்ணால் பேசும் என் ஊமைப் பெண்ணே என்று கொஞ்சுகிறான். யாரையாவது மணந்தே தீர வேண்டும் என்றால் உன்னையே மணப்பேன் என்கிறான். முத்தமும் இடுகிறான்.

மற்றக் கட்சிக்கும் சாட்சியம் உண்டு. ஒரு குழந்தையிடம் வைக்கும் அன்பையே அவளிடம் வைத்தான், ராணியாக்கும் எண்ணமே அவனுக்கு இல்லை என்று ஆண்டர்சன் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். இதற்கு மேல் வாதம் எதற்கு?

ஆனால் "கண்ணால் பேசுகிறாள்" என்று அவனே சொல்கிறானே, அதுதான் கவனிக்க வேண்டிய இடம். கண் பேசியது அவனுக்குக் கேட்டது. என்ன பேசியது என்பதுதான் விளங்கவில்லை.

பக்கத்து நாட்டு இளவரசியைப் பெண் பார்க்கப் போகிறான். பார்த்தால், அவள்தான் அந்தக் கோயில் பெண்! தேவாலயத்தில் திருமணம் முடிந்து மணமக்கள் கப்பல் ஏறுகிறார்கள். அன்று இரவு அக்காமார்கள் ஐவரும் கடலில் தோன்றுகிறார்கள். அவர்கள் தலையில் கூந்தல் இல்லை. சூனியக்காரிக்குக் கொடுத்துவிட்டு ஒரு கத்தி வாங்கி வந்திருக்கிறார்கள். "பொழுது விடிவதற்குள் அவனைக் குத்து. நீ பிழைப்பாய்" என்கிறார்கள். அவள் உறங்கும் மணமக்களைப் பார்க்கிறாள். கத்தியைக் கடலில் எறிகிறாள். தானும் குதிக்கிறாள்.

அவள் நுரையோடு மறையவில்லை. காற்றின் பெண்கள் அவளைத் தூக்கிக்கொள்கிறார்கள். 300 ஆண்டு நற்செயல் புரிந்தால் அவளுக்கும் ஆன்மா கிடைக்கும். "இது பின்னால் ஒட்டவைத்த முடிவு" என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. ஆண்டர்சன் இந்தக் கதைக்கு முதலில் நினைத்த தலைப்பே "காற்றின் பெண்கள்" என்பதுதான். ஒரு பெண்ணின் ஆன்மா இன்னொருவன் அன்பைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். 1837-ல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

"நீ" என்று சொல்லக் கூடாதா?

இனிப் பெரிய கேள்விக்கு வருவோம். கடல் கன்னி யார்?

"அவள் ஆண்டர்சனேதான்" என்பது பலருடைய முடிவு. வெறும் கற்பனை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

பதினான்கு வயதில், 1819-ம் ஆண்டு, ஆண்டர்சன் தனியாகக் கோபன்ஹேகனுக்கு வந்தார். இனிமையான குரல் இருந்தது. பாடகராகப் பயிற்சி கிடைத்தது. சில மாதங்களில் குரல் உடைந்தது, பாட்டு போயிற்று. பிறகு நடனப் பள்ளியில் சேர்ந்தார். குரலை இழந்தவர், அந்நியர்களின் நகரத்தில் ஆடிக் காட்டிப் பிழைக்கப் பார்த்தார். கதையின் பாதி இங்கேயே இருக்கிறது அல்லவா?

அவரைக் கைதூக்கி விட்டவர் ஜோனாஸ் காலின் என்ற பெரிய அதிகாரி. அரசரிடம் சொல்லிப் படிப்புக்குப் பணம் வாங்கித் தந்தார். காலின் வீட்டில் ஆண்டர்சன் பிள்ளை போலப் பழகினார். வீட்டுப் பிள்ளைகளில் எட்வர்ட் காலின் என்பவர் ஆண்டர்சனைவிட மூன்று வயது இளையவர். நல்லவர், கண்டிப்பானவர். ஆண்டர்சனின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்துவார். பண விவகாரங்களைப் பார்த்துக்கொள்வார்.

டேனிஷ் மொழியிலும் நம் "நீ", "நீங்கள்" போல இரண்டு சொற்கள் உண்டு. நெருங்கியவர்களுக்கு "டூ". மற்றவர்களுக்கு "டீ". ஆண்டர்சனும் எட்வர்டும் "நீங்கள்" என்றே பேசி வந்தார்கள்.

1831-ல் ஜெர்மனிக்குப் பயணம் போன ஆண்டர்சன், ஹாம்பர்க் நகரில் இருந்து ஒரு கடிதம் எழுதினார். இனி என்னை "நீ" என்று அழையுங்களேன் என்று கேட்டார். நேரில் கேட்க நா எழவில்லை. ஊர் தாண்டிப் போய்த்தான் கேட்க முடிந்தது!

எட்வர்டின் பதில் மரியாதையாக இருந்தது. ஆனால் மறுப்பு. மற்ற நண்பர்களை அவர் "நீ" என்று அழைக்காதவர் அல்லர். ஆண்டர்சனை மட்டும் முடியாது என்றார். சிலருக்குச் சில பொருள்கள் காரணமில்லாமல் பிடிக்காது என்று விளக்கினார். சாம்பல் நிறக் காகிதத்தைக் கண்டாலே குமட்டும் ஒரு பெண்ணை உதாரணம் காட்டினார்.

இருவரும் கடைசி வரை "நீங்கள்" என்றே பேசினார்கள். ஆண்டர்சன் உலகப் புகழ் பெற்ற பிறகும் அது மாறவில்லை. (இன்று டென்மார்க்கில் "நீங்கள்" என்ற சொல்லே அருகிவிட்டது. கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரை ஒருவர் "டூ" என்கிறார்கள்!)

எட்வர்டிடம் ஆண்டர்சன் வைத்தது வெறும் நட்புத்தானா? தம் உள்ளம் ஒரு பெண்ணின் உள்ளம் போல அவருக்காக ஏங்குவதாக ஆண்டர்சன் எழுதியது உண்டு. அது காதலே என்கிறார்கள் சிலர். அந்தக் காலத்து ஆண்கள் நட்பைக்கூட உருகி உருகித்தான் எழுதுவார்கள் என்கிறார்கள் வேறு சிலர். ஆண்டர்சன் பெண்களையும் விரும்பினார். ரிபோர்க் வோய்க்ட் என்ற பெண், எட்வர்டின் தங்கை லூயிஸ், பாடகி ஜென்னி லிண்ட் ஆகிய யாரும் அவரை மணக்கவில்லை. அவர் கடைசி வரை பிரமசாரி.

1836 ஆகஸ்டில் எட்வர்டுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஹென்ரியெட்டா. ஆண்டர்சன் அதற்குப் போகவில்லை. வேறு தீவில் தங்கியிருந்தார். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் எழுதியதுதான் கடல் கன்னிக் கதை.

ஆனால் கடல் கன்னி என்றால் ஆண்டர்சன், அரச குமாரன் என்றால் எட்வர்ட் என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டால் கதை சிறுத்துப் போகும். கத்தியைக் கொண்டுவரும் அக்காமார்கள் யார், பாட்டி யார் என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

சாம்பல் நிறக் காகிதம்

எட்வர்டின் கடிதத்தை ஆண்டர்சன் மறக்கவில்லை என்பதற்கு மட்டும் அசைக்க முடியாத சாட்சியம் இருக்கிறது.

1847-ல் அவர் "நிழல்" என்று ஒரு கதை எழுதினார். ஒரு படிப்பாளியின் நிழல் அவரை விட்டுப் பிரிந்து போகிறது. மனிதனாகிப் பணக்காரனாகித் திரும்பி வருகிறது. சிறு வயது முதல் ஒன்றாக வளர்ந்தோமே, "நீ" என்று பேசிக்கொள்ளலாமே என்கிறார் படிப்பாளி. நிழல் மறுக்கிறது. சிலருக்குச் சாம்பல் நிறக் காகிதத்தைத் தொட்டாலே உடம்புக்கு ஆகாது, எனக்கும் அப்படித்தான் என்கிறது. ஆனால் நான் உன்னை "நீ" என்று அழைக்கிறேன் என்கிறது! கடைசியில் நிழலுக்கு ராஜகுமாரியோடு கல்யாணம். படிப்பாளிக்கு மரணம்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் வந்த கடிதத்தின் காகிதம் அப்படியே கதைக்குள் வந்துவிட்டது. எட்வர்டுக்கு இது புரியாமல் இருந்திருக்குமா?

ஆண்டர்சன் 1875-ல் இறந்தார். அவர் கழுத்தில் ஒரு சிறு பை தொங்கியது. அதற்குள் ரிபோர்க் எழுதிய பழைய கடிதம். அதை யாரும் படிக்காமலே எரித்துவிட்டார்கள். 1882-ல் எட்வர்ட், ஆண்டர்சனைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவருடைய அன்புக்குத் தம்மால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றும், அதனால் அவர் மிகவும் துன்பப்பட்டார் என்றும் அதில் ஒப்புக்கொண்டார்.

கோபன்ஹேகன் துறைமுகத்தில் 1913 முதல் ஒரு பாறை மேல் கடல் கன்னியின் வெண்கலச் சிலை இருக்கிறது. நான்கு அடி உயரந்தான். 1964-ல் யாரோ அதன் தலையை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1998-லும் தலை போயிற்று. இரண்டு முறையும் தலையைப் பொருத்தினார்கள். அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை.

ஆண்டர்சனின் கல்லறை அதே நகரில், அசிஸ்டென்ஸ் இடுகாட்டில் இருக்கிறது. எட்வர்டையும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவையும் பிறகு அதே இடத்தில்தான் புதைத்தார்கள். 1914-ல் அங்கிருந்த கல்லைக் காலின் குடும்பத்தின் வேறு இடுகாட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பின்னர் புதுக் கல் ஒன்று நாட்டினார்கள். அதில் ஆண்டர்சனின் பெயர் மட்டுமே உண்டு. கீழே மூன்று பேரும் இருக்கிறார்கள்.