"உங்களால் முடியுமா அக்கா?"

இலங்கையின் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்து அடுப்படியில் ரொட்டி சுடும் பெண்ணிடம், "நல்லா சமைப்பீங்களா அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ சமைப்பேன்" என்று சிரிப்பார். அந்தப் பதிலால் ஒரு பிரயோசனமும் இல்லை. "விறகு ஈரம், தேங்காய் அரை மூடிதான், பத்துப் பேர் வந்து நிக்கிறாங்க. ரொட்டியும் சம்பலும் ஆகுமா?" என்று கேளுங்கள். இப்போது கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

சட்ட விஷயத்தில் ஒருவருக்குள்ள தன்னம்பிக்கையையும் இப்படித்தான் அளக்க வேண்டும். அபிவிருத்தித் திட்டங்களோ எத்தனை கருத்தரங்கு, எத்தனை துண்டுப்பிரசுரம் என்று எண்ணிக் கணக்கை முடித்துவிடுகின்றன. சமையல் குறிப்பு விநியோகித்த கணக்கு அது.

"இது என்னால் ஆகும்" என்ற நம்பிக்கை காரியத்துக்குக் காரியம் மாறும் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். 2010ஐ ஒட்டி மார்ட்டின் கிராமடிகோவும் ராபர்ட் போர்ட்டரும் அதைச் சட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதலாளியோடு, குடும்பத்தில், காணியில், அரச அலுவலகத்தில் சிக்கல் வந்தால் உங்களால் தீர்க்க முடியுமா என்று தனித்தனியாகக் கேட்பதே அவர்களுடைய முறை.

அதைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேரும். வேலையை விட்டு 30 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். "இந்தச் சேவைக்காலப் பணம் தெரியுமா?" என்றால் எல்லாரும் தெரியும் என்பார்கள். கேட்க வேண்டியது வேறு. 30 நாள் தாண்டிவிட்டது, தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்பீர்களா? "அடுத்த மாசம் வா" என்று கிளாக்கர் சொன்னால்? தொழிற்சங்கத் தலைவர் கூட வராவிட்டால்? மகளின் ஒருநாள் பேர் (அன்றைய சம்பளம்) போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு தொழில் திணைக்களம் வரை போவீர்களா? அங்கிருந்து கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. முதல் கேள்விக்கு 4 போட்டவர் கடைசிக் கேள்விக்கு 1 போட்டால், அவருக்கு இன்னொரு கருத்தரங்கு எதற்கு? கடிதத்தை வாசித்துச் சொல்லி, தமிழில் பதில் கேட்டு எழுதித்தர ஓர் ஆள் போதும். அப்படிக் கேட்கலாம்; 1987இலேயே அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது.

ஒரு வேடிக்கையும் உண்டு. பிரியாணிச் சட்டியைத் தொடாதவர்தான் "அதென்ன பெரிய வேலை" என்பார். அதனால் பயிற்சிக்குப் பிறகு புள்ளி இறங்கலாம். திட்டத்துக்குக் காசு கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டும் என்று பயிற்சி பெற்ற பெண்ணுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், மளமளவென்று ஏறும் புள்ளியைத்தான் சந்தேகப்பட வேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கங்காணி பக்கத்தில் நிற்கும்போது எடுத்த புள்ளியைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது.

கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம்பிக்கைப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் போடுங்கள். பணம் கைக்கு வந்ததா, எத்தனை நாளில் வந்தது? புள்ளி 5க்கு ஏறியும் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தால், திட்டம் தோற்றது என்றே அறிக்கையில் எழுதுங்கள்.