உங்களுக்குத் தெரியுமா? குருவானவர் மனம் ஒன்று, சபையார் மனம் வேறு

கலகலப்பாகப் பழகுகிறவர்தான் குருவானவராக இருக்கத் தக்கவர் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆங்கிலிக்கன் குருமாரின் ஆளுமை வகைகளை ஆராய்ந்தபோது, தனிமையில் ஊக்கம் பெறும் அகமுக இயல்பினரே அவர்களில் அதிகம் என்று தெரிந்தது. உளவியலாளரும் குருவுமான லெஸ்லி பிரான்சிஸ் இத்துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர். இந்த வகைப்பாட்டின் வேர், உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. யுங்கின் தந்தையும் ஒரு சுவிஸ் போதகர்தான்!

என் கண்ணுக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு. இங்கிலாந்தின் ஆண் குருமாரில் பெரும்பாலோர் உள்ளுணர்வு வகையினர். புதிய சாத்தியங்களையும் பெரிய கனவுகளையும் நாடுபவர்கள். எதிரே அமர்ந்திருக்கும் சபையாரிலோ, கண்ணால் கண்டதையும் பழகிய முறையையும் நம்புகிறவர்களே அதிகம். ஆராதனை முறையை மாற்றும்போது எழும் மனவருத்தங்கள் பலவற்றை விசுவாசக் குறைவு என்று பழிக்க வேண்டியதில்லை. அவற்றில் இந்த வேறுபாட்டுக்கும் பங்கு உண்டு.

ஆளுமை வகையைக் கண்டறியும் வினாத்தாளை ஒரே ஆள் சில வாரம் கழித்து மீண்டும் நிரப்பினால் வேறு வகை வரக்கூடும். எனவே இதை வைத்து குருமாரைத் தேர்ந்தெடுப்பது முறையல்ல. பிரசங்கத்துக்கு மட்டும் இது நன்றாக உதவுகிறது. பிரான்சிஸும் நியூசிலாந்துப் பேராயர் பீட்டர் அட்கின்ஸும் வகுத்த முறையில், ஒரே வேதப்பகுதி நான்கு வழிகளில் விளக்கப்படுகிறது: புலன்களுக்கு, கற்பனைக்கு, இதயத்துக்கு, அறிவுக்கு.