மதுரை வீதிகளும் வாகன விதிகளும்

நகரங்களுட் சில தாமாகவே பரந்து வளர்ந்தன. சில, முன்னரே வகுத்த முறைப்படி அமைந்தன. மதுரை பின்னைய வகையைச் சார்ந்தது. திருக்கோயிலை நடுவே கொண்டு ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கும் இந்நகரின் அமைப்பைக் கண்டு வியவாதார் இலர். இவ்வீதிகள் மக்கள் நடந்து செல்வதற்கும், திருவிழாக் காலங்களிற் சுவாமி புறப்பாடு வலம் வருவதற்கும் ஏற்பட்டவை. மாசி வீதிகளில் சித்திரைத் திருவிழாவின் தேர் இன்றும் உருண்டு வருகின்றது. அவற்றுக்கு அப்பால் முன்னாளிற் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், 1840-ஆம் ஆண்டையொட்டி, கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் துரை அம்மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பித்தார். வெளி வீதிகள் அதன் பின் எழுந்தவையே. அப்பணியில் அவருக்குத் துணைநின்ற மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் இரு வீதிகளின் பெயராய் வாழ்கின்றனர்.

மதில் நீங்கவே நகரம் மூச்சுவிட இடம் பெற்றது. எனினும் அந்நாளில் அவ்வீதிகளிற் சென்றவை மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே. அதே அகலமுள்ள வீதிகளில் இப்போது பேருந்தும் லாரியும் காரும் ஆட்டோவும் எண்ணிறந்த மோட்டார் சைக்கிள்களும் நெருங்குகின்றன. வைகையின் மேல் 1889-இல் எழுந்த ஆல்பர்ட் விக்டர் பாலமும் அவ்வாறே தன் காலத்தில் எவரும் எண்ணாத சுமையைத் தாங்கி நிற்கின்றது. இடம் குறுகியவிடத்து ஒழுங்கு மிகுதியும் வேண்டற்பாலது. ஒரு வீட்டில் ஆள் பெருகப் பெருக, ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்தாலன்றி அங்கே குடியிருத்தல் இயலாதன்றோ? நம் வீதிகளிலோ இடம் குறையக் குறைய ஒழுங்கும் குறைந்து வருகின்றது. இதனைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

மாலை ஐந்து மணியளவிற் கோரிப்பாளையம் சந்தியில் நிற்பவர் ஒரு கால் மணி நேரத்தில் வாகனச் சட்டத்தின் பெரும் பகுதியும் மீறப்படுவதைக் கண்ணாரக் காணலாம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்; எனினும் பச்சை வருவதற்கு ஐந்து வினாடி முன்னரே வரிசை நகரத் தொடங்கும். நிற்க விரும்பும் ஒருவரைப் பின்னாலிருப்போர் ஒலிப்பானை அழுத்தியே முன்னே தள்ளுவர். நடப்போர்க்கெனத் தீட்டிய வெள்ளைக் கோடுகளின் மேலேயே வண்டிகள் நிற்க, கோட்டைக் கடக்க வேண்டியவர் வண்டிகளின் இடுக்கில் நுழைந்து செல்வர். சிம்மக்கல்லில் ஷேர் ஆட்டோ ஒன்று ஓர் ஆள் கை காட்டியமாத்திரத்தில் நடுச் சாலையில் நின்றுவிடும். ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர், சில வேளை நால்வர். செல்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தவாறே வண்டி செலுத்துவோரைக் கண்டால், அவர் பேசுகின்ற செய்தி உயிரினும் இனியதுபோலும் என்று எண்ணத் தோன்றும். இவருட் கல்லாதாரே மிகுதி என்று கூறவும் இயலவில்லை. புத்தகப் பையைச் சுமந்து செல்வோரும் இக்கூட்டத்தில் உளர். அவருட் சிலர் நம் மாணவர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவையெல்லாம் சிறு குற்றங்கள் என்பது பலர் எண்ணம். சட்டம் அங்ஙனம் எண்ணவில்லை. இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கென முதற் பொதுச் சட்டம் 1914-இல் தோன்றியது. அதனை 1939-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதனையும் நீக்கி இன்று வழங்குவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 2019-இல் அது பெரிதும் திருத்தப்பெற்றது. திருத்திய 184-ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுதல் என்பதற்கு விளக்கம் தருகின்றது. சிவப்பு விளக்கை மீறுதல், நில் என்னும் குறியை மதியாமை, செல்பேசியைக் கையிற் பிடித்து ஓட்டுதல், முறையின்றி முந்துதல், எதிர்த் திசையிற் செல்லுதல் ஆகிய இவையெல்லாம் அவ்விளக்கத்துள் அடங்கும். முதன்முறை செய்த குற்றத்திற்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிற் சிறையேனும், 1,000 முதல் 5,000 ரூபாய் வரையில் அபராதமேனும், இரண்டுமேனும் விதிக்கலாம். மாலையிற் கோரிப்பாளையத்தில் நாம் காணும் அச்சிறு குற்றத்தைச் சட்டம் சிறைக்குரியதாகவே வைத்திருக்கின்றது. உயர்த்திய அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தன.

விதி எதற்காக என்று வினவுவார்க்கு விடை பௌதிக நூலில் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். எதிரே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் தடையை அழுத்துவதற்கு ஒரு வினாடி ஆகும் எனக் கொள்வோம். அவ்வொரு வினாடியிலும் வண்டி வேகம் குறையாமற் சென்றுகொண்டே இருக்கும். தடை அழுந்திய பின், உலர்ந்த நல்ல சாலையில், அது நிற்பதற்கு மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆகக் கூடி 37 மீட்டர். அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்திற் செல்லுமாயின், உணர்வதற்கு 8 மீட்டரும் நிற்பதற்கு 5 மீட்டருமாக 13 மீட்டரிலே நின்றுவிடும். வேகம் இருமடங்காகும்போது, தடையிட்ட பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகின்றது. வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப இயக்க ஆற்றல் பெருகுவதே இதற்குக் காரணம். மழை பெய்து சாலை நனைந்துவிட்டாலோ அத்தூரம் இன்னும் நீளும். மாசி வீதியிற் கடையினின்று இறங்கி ஒருவர் சாலையிற் காலடி வைக்கும்போது, 13 மீட்டருக்கும் 37 மீட்டருக்கும் இடையேயுள்ள வேற்றுமை அவருடைய உயிரே ஆகும். செல்பேசியை நோக்கிய கண் ஒரு வினாடிக்குப் பதில் மூன்று வினாடி கழித்துச் சாலைக்குத் திரும்பினால் கணக்கு என்னாகும் என்பதை மாணவர் தாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நகரை விட்டுப் புறத்தே சமவெளியிற் சென்றால் துன்பம் வேறு உருக்கொள்கின்றது. வடக்கேயிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சமயநல்லூர், திருமங்கலம் வழியாகச் செல்கின்றது. திருச்சியிலிருந்து வரும் 38-ஆம் எண் சாலை மேலூர் வழியாக வந்து தூத்துக்குடிக்குப் போகின்றது. இவை நடுவே திட்டு அமைத்து, போக்குக்கும் வரவுக்கும் வெவ்வேறாகப் பிரித்த சாலைகள். முன்னே சாலைக்கு இருபுறமும் வயலும் ஊரும் ஒன்றாயிருந்தன. இப்போது வயல் ஒருபுறமும் ஊர் மறுபுறமும் ஆயின. மறுபுறம் செல்லத் திட்டில் வழிவிட்ட இடம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். அவ்வளவு தூரம் சென்று திரும்புவதற்குச் சோம்பி, ஓரமாகவே எதிர்த் திசையில் வண்டியைச் செலுத்துவோர் பலர். எதிரே 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரும், இவர் 40 கிலோமீட்டர் வேகத்திலும் வந்தால், இருவர்க்கும் இடையேயுள்ள தூரம் வினாடிக்கு 33 மீட்டராகக் குறையும். இரவில் விளக்கொளி 60 மீட்டர் வரையிற் காட்டுமாயின், இருவர்க்கும் எஞ்சுவது இரண்டு வினாடிக்கும் குறைவே. ஒரு கிலோமீட்டர் தூரத்தை மிச்சப்படுத்தியவர் பெற்ற ஊதியம் இதுவே.

பின்புறத்தில் விளக்கோ ஒளிதிருப்பும் பட்டையோ இல்லாமல் கரும்பும் வைக்கோலும் ஏற்றிச் செல்லும் டிராக்டர்களையும் இங்கே கூறாமலிருத்தல் கூடாது. பழைய மாட்டு வண்டிக்காரர் அச்சின் கீழே ஓர் அரிக்கன் விளக்கையேனும் கட்டித் தொங்கவிட்டனர். அறுவடைக் காலத்திற் கிராமச் சாலைகளிற் சோளமும் நெல்லும் உலர்த்துவதும், அவற்றைக் காக்கக் கற்களை வரிசையாக வைத்து, மாலையில் தானியத்தை மட்டும் அள்ளிக்கொண்டு கற்களை அப்படியே விட்டுச் செல்வதும் யாவரும் அறிந்தவை. களம் இல்லாத உழவரைக் குறைகூற மனம் வரவில்லை. கல்லை எடுத்து வைத்தால் என்ன என்று மட்டும் கேட்கத் தோன்றுகின்றது.

இவற்றின் பயன் ஆண்டுதோறும் அரசாங்க அறிக்கையிற் பதிவாகின்றது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துக்கள் நேர்ந்தன. இறந்தோர் 1,68,491 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டிற்கே கிடைத்தது: 64,105. நம் நாட்டில் அவ்வாண்டு இறந்தோர் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தோருள் நூற்றுக்கு 71 பேர் மிகை வேகத்தால் இறந்தனர் என்றும், நூற்றுக்கு 44 பேர்க்கு மேல் இரு சக்கர வண்டியிற் சென்றோர் என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. தலைக்கவசம் அணிதல் தமிழ்நாட்டில் 2007 ஜூன் முதல் தேதியிலிருந்தே கட்டாயம். எவரும் பொருட்படுத்தாமையால், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து மீண்டும் வற்புறுத்தப்பட்டது. வெயில் கடுமை, மயிர் உதிரும், காது கேளாது, அருகிலுள்ள கடைக்குத்தானே போகின்றோம் என்பன சொல்லப்படும் காரணங்கள். தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு, காவலரைக் கண்டவுடன் தலைக்கு ஏற்றுவோரும் உளர். முழங்கையைக் காப்பதற்கெனச் செய்த பொருள் அஃதன்று.

வண்டியைக் கவனமின்றிச் செலுத்திய குற்றத்திற்குத் தண்டனை என்பது தமிழர்க்குப் புதிதன்று. திருவாரூரிற் சோழ இளவரசன் செலுத்திய தேர்க்காலில் ஓர் ஆவின் கன்று அகப்பட்டு இறக்க, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்ததையும், மன்னன் தன் மைந்தனைத் தேர்க்காலிலிட்டதையும் பெரிய புராணம் விரித்துரைக்கின்றது. சிலப்பதிகாரத்திற் கண்ணகி இம்மதுரையிற் பாண்டியன் முன் நின்று தன் ஊரின் பெருமை கூறும்போது எடுத்துக்காட்டியதும் இந்நிகழ்ச்சியையே. கதையில் மைந்தன் செய்த பிழைக்கு மைந்தனே தண்டம் பெற்றான். இக்காலச் சட்டம் தந்தையையும் சேர்த்துப் பிடிக்கின்றது. 2019-இற் சேர்த்த 199-ஏ என்னும் பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி செலுத்திக் குற்றம் புரியின், பெற்றோர்க்கோ வண்டியின் உரிமையாளர்க்கோ மூன்று ஆண்டு வரையிற் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரையில் உரிமமும் கிடையாது. பிள்ளை பத்தாம் வகுப்பிலே தேறினான் என்று மகிழ்ந்து மோட்டார் சைக்கிள் வாங்கித் தரும் தந்தைமார் இப்பிரிவை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

குற்றம் முழுவதையும் செலுத்துவோர் தலையிற் சுமத்துதல் நீதியன்று என்பதையும் ஒப்புகின்றோம். நடைபாதையைக் கடைகள் கவர்ந்துகொள்ள, நடப்போர் சாலைக்குத் தள்ளப்படுகின்றனர். குழி தோண்டியவர் மூடாமற் செல்கின்றனர். நத்தம் சாலையில் 2023 ஏப்ரலிற் திறக்கப்பெற்ற 7.3 கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டச் சாலை போன்றவை நெருக்கத்தைக் குறைக்கும். ஆனால் அகன்ற வெற்றுச் சாலை வேகத்தையும் தூண்டும். சித்திரை வீதிகளில் வாகனங்களை விலக்கியமையால் அங்கே முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி உலவுகின்றனர் என்பதும் கருதற்பாலது. முயன்றால் இறப்பைக் குறைத்தல் கூடும் என்பதற்கும் சான்று உண்டு. 2016-இற் தமிழ்நாட்டில் 17,000-க்கு மேலிருந்த இறப்பு, 2018-இல் ஏறக்குறைய 12,000 ஆகக் குறைந்தது. பின்னர் அது மீண்டும் ஏறியதே வருத்தத்திற்குரியது.

இறுதியாக, விபத்து நேர்ந்த பின் நிகழ்வதைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அரசு இராஜாஜி மருத்துவமனை வைகைக்கு வடகரையிற் கோரிப்பாளையத்தை அடுத்துள்ளது. தென்கரையில் அடிபட்டவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் ஆற்றைக் கடந்து, அந்நெருக்கமான சந்தியினூடேதான் அங்கே சேரவேண்டும். அதற்கு வழிவிடாதார்க்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வழிவிட மறுப்போரினும், அதன் பின்னே ஒட்டிக்கொண்டு தாமும் விரைந்து சென்றுவிடுவோரே இங்கு மிகுதி. வீழ்ந்து கிடப்பவரைச் சூழ்ந்து நின்று பார்ப்போர் பலராயினும் தூக்குவோர் சிலரே. காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய நேரும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சம் இனி வேண்டுவதில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுவோர்க்குப் பாதுகாப்பு அளித்தது; 2019-இற் சட்டத்தின் 134-ஏ பிரிவு அதனை உறுதிப்படுத்தியது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தின்படி, அடிபட்டவர் எவ்வூரினராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்திற் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். ஆதலின் 108-ஐ அழைத்தவரோ, காயமுற்றவரை மருத்துவமனையிற் சேர்த்தவரோ பணம் கட்டவேண்டுவதில்லை. தம் பெயரையும் முகவரியையும் கூற விரும்பாவிடின் எவரும் அவரை வற்புறுத்தலும் ஆகாது. சேர்த்துவிட்டு அப்பொழுதே வகுப்பிற்குத் திரும்பலாம்.