பொருளும் அட்டவணையும்: ஓ.ஆர்.எம். சட்டகத் தேர்வு

கணினித்துறையிற் புகும் நம் மாணவர் பலர், "ஓ.ஆர்.எம். சட்டகங்களுள் எது சிறந்தது?" என வினவுவதுண்டு. விடை கூறுமுன் அவற்றின் இயல்பை நோக்குவாம்.

1970இல் எட்கார் கொட் என்னும் அறிஞர் வகுத்த நெறிப்படி, தரவுத்தளம் செய்திகளை அட்டவணைகளாக வைத்திருக்கும். ஜாவா, பைதன் முதலிய மொழிகளில் எழுதுவோரோ அவற்றைப் பொருள்களாகக் கையாளுவர். இவ்விரண்டிற்குமிடையே மொழிபெயர்ப்பாளனாய் நிற்பதே ஓ.ஆர்.எம். ஆகும். 2005இல் வெளிவந்த ஜாங்கோவில் ஒவ்வொரு பொருளும் தன்னைத்தானே சேமித்துக்கொள்ளும், கற்றல் எளிது. 2001இல் தோன்றிய ஹைபர்நேட் பொருளையும் அட்டவணையையும் வேறுபிரித்து, இணைக்கும் முறையைத் தனியே குறிக்கும். முன்னரே அமைந்துள்ள சிக்கலான அட்டவணைகட்கு அதுவே ஏற்றது.

எனினும் இரண்டிலும் ஓர் இடருண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் பழைய மாணவர் 500 பேரின் பதிவேட்டைப் பெயர், முகவரியுடன் கேட்கின்றோம் எனக் கொள்வோம். கவனமின்றி எழுதினால், பெயர்ப்பட்டியலுக்கு ஒருமுறையும் முகவரிக்கு ஆளுக்கொருமுறையுமாகச் சட்டகம் 501 முறை தளத்தை நாடும். அட்டவணைகளை இணைத்துக் கேட்டால் ஒருமுறையே போதும். சட்டகம் வினவல்களை மறைத்துவிடுவதால், எழுதியவர்க்கு இப்பிழை எளிதிற் புலப்படாது.

இது வெறும் வேகக் கணக்கன்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, இந்நாட்டுக் கணினி வல்லுநர் தொண்டர்களாய்க் கூடிச் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய அது உதவியது. உற்றாரைத் தேடுவோர்க்குத் தாமதமான விடை எத்துணைத் துயர் தரும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பீ.எச்.பீ. மொழியிற் பிறந்த சஹானா, பின்னர்ப் பைதனில் 'ஈடன்' எனப் புதிதாக எழுதப்பெற்றது. அதற்கு அடிப்படையான வெப்-டூ-பை சட்டகத்திலுள்ளது முழு ஓ.ஆர்.எம். அன்று, எஸ்.கியூ.எல். வினவலின் வடிவை ஒட்டியே செல்லும் மெல்லிய இடைப்படையாகும். எழுதுபவர் அட்டவணையை மறவாதிருக்க அது துணைசெய்யும். தளம் மாறினும் நிரலைப் பெரிதும் மாற்ற வேண்டுவதில்லை.

ஆகவே மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: முதலில் எஸ்.கியூ.எல். பயிலுங்கள், அட்டவணைகளைத் தாளில் வரையுங்கள், அடிக்கடி கேட்கப்படும் வினாக்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், தான் அனுப்பும் வினவல்களைத் தெளிவாகக் காட்டும் சட்டகத்தைத் தெரிவுசெய்யுங்கள். மொழிபெயர்ப்பாளன் எத்துணை வல்லவனாயினும், இருமொழியும் அறிந்தவனே அவன் பிழையைக் காண்பான்.