தவறும் துடிப்பும் தளராத மனமும்

உடலுறுப்புக்களுள் இருதயத்தைப்போல ஓயாது உழைப்பது வேறொன்றில்லை. நிமிடத்துக்கு 70 முறை என்று கணக்கிட்டாலும் ஒரு நாளிலே 100,800 முறை அது சுருங்கி விரிகின்றது. நாம் உறங்கும்போதும் அது உறங்குவதில்லை. எனினும், தாளம் பிசகாதிருக்கும் வரை அதனை நாம் நினைப்பதுமில்லை. பிசகிய அன்றோ, வேறெதனையும் நினைக்க முடிவதில்லை.

இவ்வுண்மையை நான் நூல்களிலன்றி என் மார்பிலேயே கற்றுக்கொண்டேன். இரண்டாண்டுகளாக வந்தும் போயும் தொல்லைப்படுத்திய தாளக்கேட்டுக்குக் கொழும்பிலே சிகிச்சை பெற்று ஊர் திரும்பினேன். உற்றார் அனைவரும், "இனிப் பயமில்லை" என்றனர். நானும் அவ்வாறே நம்பினேன். மூன்றாம் வாரத்தில், வகுப்பிலே புணர்ச்சி விதியொன்றை விளக்கிக்கொண்டிருந்தபோது, நெஞ்சினுள்ளே மீனொன்று துள்ளியது போலிருந்தது. கரும்பலகையிற் கையூன்றி நின்றேன். மாணவர் அமைதியாகி என்னை நோக்கினர். 'சிகிச்சை வீணாயிற்று' என்ற ஓர் எண்ணமே அப்போது எனக்கு எழுந்தது. அவ்வெண்ணம் தவறானது என்பதை அறிய எனக்குப் பல நாட்கள் சென்றன. இந்நிலையில் இருக்கும் பிறரும் அவர்தம் குடும்பத்தினரும் அதனை முன்னரே அறிந்திருத்தல் நலமெனக் கருதியே இதனை எழுதுகின்றேன்.

தாளம் பிறக்கும் இடம்

இருதயத்தின் வலது சோணையறையின் மேற்பகுதியிலே சிறியதொரு தசைக்கணு உண்டு. மின்துடிப்பு அங்கேதான் பிறக்கின்றது. இதனை 1907 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள் ஆதர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர். பிளாக் அப்போது மருத்துவ மாணவர். முதலில் அவர் கண்ணுக்கு இக்கணு புலப்பட்டது அகழெலியொன்றின் சிறு இருதயத்திலே என்பது மாணவர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது.

கோயில் வீதியிலே தவில் வித்துவான் ஒருவரின் தாளத்துக்கு மேளம் முழுவதும் இசைந்து செல்வதுபோல, இக்கணுவின் ஆணைக்கு இருதயம் முழுவதும் இசைந்து துடிக்கின்றது. கூட்டத்தில் நிற்பவர் யாவரும் ஆளுக்கொரு தவிலை எடுத்து மனம்போனபடி முழக்கினால் என்னாகும்? சோணையறை நடுக்கம் என்னும் நோயிலே நிகழ்வது அதுவே. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையான ஒழுங்கற்ற மின்துடிப்புகள் சோணையறைகளில் எழுகின்றன. கீழேயுள்ள இதயவறைகளுக்குச் செல்லும் வழியில் வேறொரு கணு வாயிற்காவலன்போல் நின்று அவற்றுட் பலவற்றைத் தடுத்து விடுகின்றது. தப்பிச் செல்பவையே நாடியைத் தாறுமாறாக ஓடச் செய்கின்றன.

வேலி கட்டும் வைத்தியம்

இந்த ஒழுங்கற்ற துடிப்புகள் தொடங்கும் இடம் நெடுங்காலம் தெளிவாகாதிருந்தது. பிரான்சு தேசத்துப் போர்தோ நகரத்து வைத்திய நிபுணர் மிஷேல் ஹைசகேர் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1998 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 45 நோயாளரிடம் நடுக்கத்தைத் தூண்டிய 69 இடங்களை அவர்கள் கண்டறிந்தனர். அவற்றுள் 65, நுரையீரலிலிருந்து இரத்தத்தை இருதயத்துக்குக் கொணரும் நாளங்களில் இருந்தன. கள்வன் வரும் வழி தெரிந்தபின் அவ்வழியை அடைப்பதுதானே முறை?

தொடையின் மேற்புறத்து நாளத்தின் வழியே கதீற்றர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, இருதயத்தின் இடப்புறத்தை அடைந்து, அந்நாளங்களின் வாயைச் சுற்றி வெப்பத்தாலோ கடுங்குளிராலோ தழும்பு உண்டாக்குகின்றனர். மின்துடிப்பாற் செய்யும் புதிய முறையும் இப்போது வழக்கில் வந்துள்ளது. தழும்புத் தசையினூடே மின்னோட்டம் செல்லாது. ஆதலால் அது வேலியாக நின்று ஒழுங்கற்ற துடிப்புகளை வெளியே நிறுத்துகின்றது.

பின்னரும் துடிப்புத் தவறுவதேன்?

கதியால் நட்ட அன்றே வேலி உறுதியாவதில்லை. இருதயத்துத் தழும்பும் அவ்வாறே. முதற் சில வாரங்களில் அங்கே புண்ணும் வீக்கமும் இருக்கும். அவை ஆறும் வரை அத்தசை எரிச்சலுற்று முரண்டுபிடிக்கும். சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வரை இக்காலத்திலே தாளக்கேட்டை மீண்டும் உணர்கின்றனர். ஆதலின், முதல் இரண்டு மூன்று மாதங்களில் நிகழ்வதைக் கொண்டு வைத்தியர்கள் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில்லை. இக்காலத்திற் குழப்பம் கண்டவர்க்குப் பின்னரும் அது வரும் வாய்ப்புச் சற்று மிகுதி என்பது உண்மையே. ஆயினும் பலருக்கு அது தானே அடங்கிவிடுகின்றது. அடங்காதோருட் சிலருக்கு இரண்டாம் முறை சிகிச்சை வேண்டியிருக்கும்.

மேலும், நெஞ்சிலே உணரப்படும் ஒவ்வொரு துள்ளலும் பழைய நோயன்று. உரிய வேளைக்கு முன் எழும் தனித்துடிப்பு நலமுடையோர்க்கும் உண்டு. அது முந்தி வருவதால் இருதயம் நிறையுமுன்னரே சுருங்கிவிடும். அத்துடிப்பை நாம் உணர்வதில்லை. அதன்பின் ஒரு சிறு இடைவெளி. அவ்விடைவெளியில் இரத்தம் மிகுதியாக நிறைதலால் அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கின்றது. 'இருதயம் நின்று மீண்டும் ஓடியது' என்று நாம் அஞ்சுவது இதனையே. உண்மையில் அது நிற்கவில்லை. ஒரு துடிப்பு முந்திக்கொண்டது, அவ்வளவே. ஓய்வாயிருக்கும்போதும் நாடி முன்னையிலும் சற்று விரைந்து ஓடுவது சிகிச்சைக்குப் பின் பலரிடம் காணப்படுவதாகும். இருதயத்தை மெதுவாக்கும் சில நரம்புகளும் அவ்வேளை தாக்கப்படுவதே அதற்குக் காரணம்.

குளிசையை நிறுத்தலாமா?

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் உயிர்நிலை. சோணையறை நடுங்கும்போது அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் உண்டாகும். இந்நோய் உடையோர்க்கு அவ்வாபத்து ஏனையோரிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இரத்தம் உறையாதிருக்கும் குளிசை தரப்படுவது இதற்காகவே.

ஐந்தாம் வாரத்தில் என் நெஞ்சு அமைதியுற்றது. அக்காலை பல் துலக்கும்போது ஈறிலிருந்து சிறிது இரத்தம் கசிந்தது. 'நலமானவனுக்கு மருந்தெதற்கு?' என்று எண்ணி, எவரையும் கேளாது இரண்டு நாட்கள் குளிசையை விட்டேன். மூன்றாம் நாட் காலை என் தாயார் குளிசைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "தம்பி, கொப்பரும் இப்படித்தான் சுகம் வந்திட்டுது என்று மருந்தை விட்டவர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என் தந்தையார் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலற்று மூன்றாண்டுகள் படுக்கையிற் கிடந்து மறைந்தவர். அவருக்குச் சோறூட்டிய கை அந்தக் கை.

அன்றே வைத்தியருடன் தொலைபேசியிற் பேசினேன். "மாஸ்டர், துடிப்பு நேரானது வேறு, கட்டி உண்டாகும் அபாயம் நீங்கியது வேறு. சிகிச்சை செய்த இடம் ஆறும் வரை அபாயம் கூடுதல். ஈறிலே கசிந்தால் என்னைக் கேளுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்றார். சிகிச்சைக்குப்பின் இரண்டு மாதமாயினும் யாவரும் இக்குளிசையை உட்கொள்ளவேண்டும். அதன்பின் தொடர்வதா நிறுத்துவதா என்பது வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றைப் பொறுத்து வைத்தியர் தீர்மானிப்பது. நெஞ்சின் அமைதியை மட்டும் கொண்டு நாம் தீர்மானிப்பதன்று.

இவ்வகை மருந்துகளுட் பழையது வார்பரின். கெட்டுப்போன இனிப்புக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் பெருகி இறந்த காரணத்தை அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்ததன் வழியே அது பிறந்தது. 1954 முதல் மனிதர்க்கு வழங்கப்படுகின்றது. கீரைகளிலுள்ள கே உயிர்ச்சத்து இம்மருந்தின் வலியைக் குறைக்கும். ஆதலால் வார்பரின் உட்கொள்வோர் முருங்கையிலை, வல்லாரை முதலியவற்றை ஒருநாள் மிகுதியாகவும் ஒருநாள் முற்றாக விட்டும் உண்ணாது, அளவாகவும் ஒரே சீராகவும் உண்ணவேண்டும். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் தவறலாகாது. புதிய குளிசைகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை; ஆனால் ஒரு வேளையேனும் தவறினால் அவற்றின் காவல் விரைவில் நீங்கிவிடும். எம்மருந்தை உட்கொள்வோராயினும் நோமருந்தோ நாட்டு மருந்தோ சேர்க்குமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

விரைந்து செல்லவேண்டிய வேளை

அஞ்ச வேண்டாதவற்றுக்கு அஞ்சாதிருத்தலைப்போலவே, அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுதலும் அறிவுடைமையே. மயக்கமுற்று வீழ்தல், தணியாத நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒருபுறம் கோணுதல், கைகால் ஒன்று வலுவிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றின் கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். முதல் இரண்டு மாதத்துள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, இரத்த வாந்தி என்பன வந்தாலும் அவ்வாறே. இருதயத்துக்குப் பின்னாலுள்ள உணவுக்குழாய் புண்பட்டிருத்தலின் அறிகுறியாக அவை இருக்கலாம். அது அரிது, ஆயினும் உயிர்க்கு இறுதி பயப்பது. அங்கே எடுத்தவுடன் சிகிச்சை செய்துகொண்ட செய்தியைச் சொல்ல மறத்தலாகாது.

நம் கையில் உள்ளவை

வேலியைக் கட்டியவர் வைத்தியர், காப்பவர் நாமே. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்து ஆய்வாளர் 2015 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருத்த உடலினருள் எடையில் 10 சதவீதத்துக்குக் குறையாது குறைத்தவர்கள் இந்நோயின்றி வாழும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏறக்குறைய ஆறு மடங்கு. அந்நாட்டிலே 2020 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மதுவை விடுமாறு பணிக்கப்பட்டோருள் 53 சதவீதத்தினர்க்கு நோய் திரும்பியது. வழக்கம்போற் குடித்தோருள் 73 சதவீதத்தினர்க்குத் திரும்பியது. இரத்த அழுத்தத்தை அடக்குதலும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டுக் குறட்டை விடுவோர் அதற்குச் சிகிச்சை பெறுதலும் இவற்றோடொத்த பயனுடையவை.

மனத்தைக் காப்பதும் வேண்டும். நான் சிலகாலம் உண்ணும்போதும் உறங்கப்போகும்போதும் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தேன். எண்ண எண்ண அச்சம் வளர்ந்தது. அச்சம் வளர வளர நாடி விரைந்தது. பின்னர் வைத்தியர் சொன்னபடி சிறு குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டேன். துள்ளல் வந்த நாள், வேளை, நீடித்த நேரம், அவ்வேளை செய்த காரியம் ஆகிய நான்கை மட்டும் எழுதி மூடிவிடுவேன். வைத்தியருக்கு அது பயன்பட்டது. எனக்கோ, அஞ்சும் பொறுப்பை அவ்வேட்டினிடம் ஒப்படைத்தது போலாயிற்று.

குடும்பத்தார்க்கும் ஒரு சொல். "ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று இவர்களைத் தள்ளிவிடாதீர்கள், மணிக்கொரு முறை "எப்படி இருக்கிறது?" என்று துளைக்கவும் வேண்டாம். குளிசை எடுத்தாயிற்றா என்று பார்த்து, மாலையில் உடன் நடந்து வந்தாற் போதும்.

இன்று ஓராண்டு நிறைந்துவிட்டது. என் இருதயம் இன்னும் சிற்சில வேளை தாளம் தவறுகின்றது. சென்ற வாரமும் வகுப்பின் நடுவே ஒரு துள்ளல் வந்தது. நான் கரும்பலகையைப் பிடிக்கவில்லை. தொடங்கிய வாக்கியத்தை முடித்தேன். மாலையில் வீடு திரும்பிக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினேன். தாயார் வழக்கம்போற் குளிசையையும் ஒரு செம்பு நீரையும் மேசைமேல் வைத்திருந்தார்.