பப்ஜி ஏன் அலுப்பதில்லை?

இஷாத் தொழுகை முடிந்து, சாப்பிட்ட கோப்பைகள் கழுவி வைக்கப்பட்டதும் என் தம்பி போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவான். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் அவனுடைய கூட்டாளி இருக்கிறான். லயத்துக்குள் கவரேஜ் இல்லாததால், அவன் சுவெட்டர் போட்டுக்கொண்டு றோட்டு வளைவில் வந்து உட்காருவான். இருவரும் ஒரே அணி. நான்கு வருடங்களாக ஒரே விளையாட்டு: பப்ஜி.

"பித்துப் பிடிச்சிட்டு" என்று உம்மா ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எனக்கு அந்த விடை போதவில்லை. வாங்கிய பொம்மை ஒரு வாரத்தில் அலுத்துவிடுகிறது. இது மட்டும் ஏன் அலுக்கவில்லை?

இதன் வேர் 'ஆர்மா' என்ற கணினி விளையாட்டில் இருக்கிறது. செக் குடியரசின் பொஹீமியா இன்டராக்டிவ் என்னும் நிறுவனம் அதை 2006இல் வெளியிட்டது. போர்க்களத்தை இயன்றவரை உள்ளபடியே காட்டுவதுதான் அதன் நோக்கம். அதே தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த பயிற்சி மென்பொருளை உண்மையான இராணுவங்களே பயன்படுத்தின. அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் என்பவர் 'ஆர்மா 2' இல் மாற்றங்கள் செய்து, கடைசியில் ஒருவரே மிஞ்ச வேண்டும் என்ற விதியைச் சேர்த்தார். ஒரு ஜப்பானியத் திரைப்படம் தந்த எண்ணம் அது. பிறகு தென்கொரிய நிறுவனமொன்றுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பப்ஜி 2017இல் வந்தது. 2018இல் அது கைத்தொலைபேசிக்கு இலவசமாக வந்தபோது பதுளைக்கும் வந்துவிட்டது.

விளையாட்டின் விதி மிக எளிது. 100 பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கையில் ஒன்றுமில்லை. வீடு வீடாகப் புகுந்து ஆயுதமும் மருந்தும் தேட வேண்டும். பாதுகாப்பான வட்டம் நேரம் செல்லச் செல்லச் சுருங்கும். சுமார் அரை மணித்தியாலத்தில் ஒருவர் அல்லது ஓர் அணி மட்டுமே மிஞ்சும்.

அலுப்பு வராததற்கு மூன்று காரணங்களை நான் காண்கிறேன்.

முதலாவது, ஒரு ஆட்டம் போல இன்னொன்று இருப்பதில்லை. எங்கே குதிப்பது, எந்த வீட்டில் என்ன கிடைக்கும், வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும் என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் மாறும். கிரிக்கெட்டும் இப்படித்தான். விதி மாறாது, ஆட்டம் மாறும்.

இரண்டாவது, அதன் இயல்புத்தன்மை. தூரத்துக்குச் சுட்டால் குண்டு சென்று சேர நேரம் எடுக்கும், சற்றுத் தாழவும் செய்யும். எதிரியின் காலடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதால் அறியலாம். ஒருமுறை தோற்றால் அந்த ஆட்டம் முடிந்தது. அதனால் நெஞ்சு உண்மையாகவே படபடக்கும்.

மூன்றாவது, கூட்டாளி. அடிபட்டு விழுந்த தோழனை ஓடிப்போய்த் தூக்கிவிடலாம். தம்பியும் அந்தத் தோட்டத்துப் பையனும் பாடசாலை விட்டதும் வேறு வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறவர்கள். இரவில் அவர்கள் சந்திக்கும் மைதானம் இது ஒன்றுதான்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது, கட்டுரை முடிந்தது என்றே நினைத்தேன். அதன் பிறகுதான் உம்மம்மா ஒரு கேள்வி கேட்டார்.

அவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாழ்ந்தவர். ஒரு நாள் தம்பியின் பக்கத்தில் தஸ்பீஹுடன் உட்கார்ந்திருந்தார். அவன் திரையில் ஒரு வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், கிடந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இது ஆர்ட ஊடு மகன்? ஊட்டுக்காரங்க எங்க போனாங்க?"

"அப்படி ஒருத்தரும் இல்ல உம்மம்மா. இது சும்மா ஊடு."

உம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 1990 ஒக்டோபர் 30ஆம் திகதியைப் பற்றிச் சொன்னார். அந்த மாதம் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். திரும்பி வருவோம் என்று கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் புறப்பட்டார். 2002இல் போய்ப் பார்த்தபோது, அந்தச் சாவிக்குரிய கதவும் இல்லை, நிலையும் இல்லை, கூரையில் ஓடும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த விளையாட்டில் துப்பாக்கி உண்மை போல, சத்தம் உண்மை போல, புல் அசைவதும் உண்மை போல. வீடுகளுக்குச் சொந்தக்காரர் மட்டும் இல்லை. சோவியத் படை இருந்து கைவிட்டுப் போன தீவு என்று ஒரு கதை சொல்லி, ஆட்களை அங்கிருந்து அகற்றிவிட்டார்கள். ஆட்கள் இருந்திருந்தால் இது விளையாட்டாக இருந்திருக்காது.

இந்தக் குறையை ஆர்மாவை ஆக்கியவர்களே ஒருமுறை நிரப்பிப் பார்த்தார்கள். 'ஆர்மா 3' க்கு 2017இல் போர்ச் சட்டங்கள் பற்றிய ஒரு பகுதியை வெளியிட்டார்கள். அதில் நாம் கண்ணிவெடி அகற்றும் தொண்டர். அழிந்த கிராமமொன்றில் நடந்து, அங்கே யார் வாழ்ந்தார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்கிறோம். அதன் அவ்வருட நிகர வருமானத்தில் பாதியைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவுக்குக் கொடுத்தார்கள்.

பெற்றோரே, போனைப் பறிப்பதற்கு முன் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஏசுவதை விட ஒரு நல்ல கேள்வி ஆழமாகப் போகும். தோழிகளே, தம்பிமாரே, விளையாடினாலும் போர் என்றால் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அதைத் தெரிந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

என் தம்பி விளையாட்டை விட்டுவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. ஆனால் மறுநாள் இரவு, ஆட்டம் தொடங்க முன், "உம்மம்மா, உங்கட ஊட்டுல எத்தன அறை?" என்று கேட்டான். அவர் சொல்லி முடிக்கும்வரை, றோட்டு வளைவில் அவனுடைய கூட்டாளி குளிரில் காத்திருந்தான்.