கடல் கடந்த கூட்டுறவு

ஐக்கிய நாடுகள் அவையின் 193 உறுப்பு நாடுகள் 2015 செப்டம்பரில் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன. அவற்றுள் பதினான்காவது கடல்வளம் பற்றியது. பதினேழாவது, நாடுகளுக்கிடையிலான கூட்டுறவு பற்றியது. இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதைத் தென்கோடிக் கடற்கரை அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டது.

1952 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவை, இந்தியா, நார்வே ஆகிய மூன்றும் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. மறு ஆண்டு, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்வளத் திட்டம் தொடங்கியது. அந்நாளில் நாஞ்சில் நாடும் கொல்லமும் திருவிதாங்கூர்-கொச்சி என்னும் ஒரே மாநிலத்தில் இருந்தன. விசைப்படகு, நைலான் வலை, பனிக்கட்டி ஆலை ஆகியவற்றோடு மருத்துவ வசதியும் குடிநீரும் வந்தன. மீனவர் வாழ்வை உயர்த்துவதே நோக்கம்; அதில் குறைகாண இடமில்லை. ஆனால், இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும், மீன்பிடித்தலையே அறியாதவர்களின் பணமும் விசைப்படகுகளில் குவிந்தது. கடலடியை வாரிச்செல்லும் இழுவை மடிக்கும் கட்டுமரக்காரரின் வலைக்கும் இடையே பூசல் மூண்டது. குமரிக் கரையும் அதற்குத் தப்பவில்லை.

குமரிக் கரையின் இயல்பே வேறு. நீண்டகரையில் படகு நிறுத்தக் கழிமுகம் உண்டு. இங்குள்ள ஊர்கள் பலவற்றில் அலை நேரே மணலில் வந்து மோதும். அதைக் கடக்க வல்லது கட்டுமரமே. அதற்குரிய மரமும் அரிதாகி விலையேறியபோது, 1980களில் முட்டத்துப் படகு கட்டும் மையம் வேறு வழி தேடியது. பெல்ஜிய நாட்டுப் படகு வல்லுநர் பியர் ஜில்லே அங்குப் பணியாற்றினார். பொருளியல் அறிஞர் சூமாக்கர் இங்கிலாந்தில் தோற்றுவித்த இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பும் துணைநின்றது. ஒட்டுப்பலகைகளைக் கம்பியால் தைத்து, கண்ணாடியிழை பூசி, அலையைக் கடக்கும் சிறு படகுகள் உருவாயின. கயிற்றால் பலகை தைத்து வள்ளம் கட்டிய கடற்கரைக்குத் தையல் புதிதன்று. அயலவர் கொணர்ந்தது பசையும் இழையுமே. கடலுக்குச் செல்பவர் கையாளக்கூடியதாகப் படகு அமைந்ததே இம்முயற்சியின் சிறப்பு.

இன்று மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. சிறு மீனவர்க்குக் கடல்வளமும் சந்தையும் எட்டச் செய்தல் பதினான்காம் இலக்கின் கூறுகளுள் ஒன்றாக எழுதப்பட்டுள்ளது. 1952 உடன்படிக்கையின் நாடுகளான இந்தியாவும் நார்வேயும் அதனை ஏற்றுள்ளன.